நடுவில் மதில் ஏறிய கிணறு

1
இந்தக் கதை எனக்கு ஒரு கிணற்றிலிருந்து கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிழக்கிலங்கையின் மருதமுனையில் கலியாணத்துக்கு வீடு கொடுப்பது பெண்பிள்ளைக்குத்தான். ஜவுபருக்கு இரண்டு பெண்கள், வீடு கட்ட ஒரே வளவு நிலம். குறுக்கே மதில் கட்டினார். நடுவில் கிணறு இருந்ததால் மதில் அதன் மேலாகவும் போனது. ஒரே தண்ணீர், இரண்டு கப்பி.

2
மூத்தவள் அஸ்பியா, இளையவள் நுஸ்ஹா; அக்காவை ராத்தா என்பாள். மதிலுக்கு அளந்த அன்று அஸ்பியாவின் பக்கம் ஒரு முழம் தள்ளிக் கட்டச் சொன்னாள் நுஸ்ஹா. நாலு வருடமாகப் பேச்சில்லை. [இந்த இடத்தில் பெரிய சண்டை ஒன்று எழுதியிருந்தேன். வேண்டாம்.] ஆனாலும் விடியற்காலை சுபஹு தொழுகைக்குப் பின் அந்தப் பக்கம் அஸ்பியாவின் வாளி விழும். அதைக் கேட்ட பிறகுதான் நுஸ்ஹா தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள். யாரிடமும் சொன்னதில்லை.

இன்று எட்டு மணியாகியும் வாளி விழவில்லை.

3
நுஸ்ஹாவை நிலவியல் விரிவுரையாளராக வைத்தது சரிதானா? "மணலத் தவிர ஒண்டுமில்லாத ஊர்ல இரிந்து மலையப் படிப்பிக்கிறா," என்று கணவன் முபீனே சிரிப்பான். ஆனால் அவளுடைய இன்றைய பாடம் எனக்கு வேண்டும்: கண்டத்தின் மேலோடு இழுபட்டு இழுபட்டு மெலிகிறது. சில இடங்களில் அடியாழத்துப் பாறையே கடலடியில் வந்து தலைகாட்டும். அந்தப் பள்ளத்தில் கோடிக்கணக்கான வருடங்கள் சேறு படியும். பிறகு கண்டங்கள் திரும்ப நெருங்கும்போது மெலிந்த இடம்தான் முதலில் நசுங்கி மடியும். மலையின் வடிவத்தில் பாதியைப் பழைய இழுவை தீர்மானித்துவிட்டிருக்கும்.

(நுஸ்ஹாவின் பயமும் இதுதான். ராத்தாவோடு கதைத்தால் அந்த ஒரு முழம்தான் முதலில் மேலே வரும்.)

4
"ராத்தாட வாளிச் சத்தம் கேட்டிச்சா?"

"நாலு வருசமாக் கதைக்காத ஆள்ற வாளிய நான் ஏன் கேக்கணும்?" என்றான் முபீன்.

"அவக்குச் சீனி வருத்தம், ஊசி போடுற ஆள். மச்சானும் கட்டார்ல."

"அப்ப போய்ப் பாரன். அவட கேற்றுக்கு முப்பது எட்டு வச்சாப் போதும்."

"நீங்க போங்க."

"நான் போனா, உண்ட பொண்டாட்டிக்குக் கால் இல்லையா எண்டு கேப்பா."

5
முதலில் எழுதிய முடிவு: அஸ்பியா அயர்ந்து தூங்கிவிட்டாள். அடித்துவிட்டேன், அது நுஸ்ஹாவைச் சும்மா விட்டுவிடுகிறது. இரண்டாவது: குசினியில் அடுப்படித் தரையில் அவள் விழுந்து கிட

முடிக்க முடியவில்லை.

நுஸ்ஹா கிணற்றுக் கட்டில் குனிகிறாள். மதிலின் அடிக்கும் தண்ணீருக்கும் இடையில் இருட்டு.

"ராத்தா."

அவள் குரல் அந்தப் பக்கம் போய்த் தனியாகத் திரும்பி வருகிறது. செருப்பில்லாமல் ஓடுகிறாள். முப்பது எட்டு. கேற்று உள்ளே கொளுக்கி போட்டிருக்கிறது, தட்டுகிறாள்.

இதற்கு மேல் என்னிடம் வாக்கியமில்லை. உள்ளே இருப்பவர் நீங்கள். கொளுக்கி உங்கள் பக்கம்.