நன்மைக்கு ஊற்றிய தண்ணீர்

பலீல் நானா மௌத்தாகி, அவர் மனைவி ஸுலைஹா இத்தாவில் உட்கார்ந்ததும் எங்கள் பதுளைத் தெருவுக்கு ஒரு வேலை கிடைத்தது. புருஷனை இழந்தவளுக்கான அந்த இத்தா நாலு மாசம் பத்து நாள் முடியும்வரை அவள் வெள்ளை உடுத்து வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். முன் விறாந்தைக்கு வரக்கூடாது, அந்நிய ஆண்கள் காதில் குரல் விழக்கூடாது. நானா வளர்த்த செடியோ விறாந்தையில்தான் தொங்கியது.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருஷம், நமுனுகுலயில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரைசானியிடம் நானா கேட்டு வாங்கி வந்த செடி. பச்சைப் பட்டாணியைக் கோத்தாற்போல உருண்டை உருண்டையாய் இலை. சட்டி விளிம்பிலிருந்து சரம் சரமாய் இறங்கும். மனுஷன் அதற்குப் பார்த்த வைத்தியம், எதுவும் செய்யாமல் விடுவது. மணி சுருங்கினால் மட்டும் ஒரு கோப்பைத் தண்ணீர். சாரல் அடித்தால் கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து சட்டியை உள்ளே எடுப்பார். கொடியில் நனையும் பெண்டாட்டி சேலையை எடுத்ததை நான் பார்த்ததில்லை. வேலிக்கு இப்பால் நின்று நான் பார்க்காதது குறைவு.

மூன்றாம் நாள் ஓதலில் பள்ளிவாசல் லெப்பை சொன்னார்: பச்சையாய் நிற்கும் செடி இறைவனைத் துதித்துக்கொண்டே இருக்கும், அடக்கமான மையித்துக்கு அது நன்மை. அவர் சொன்னது கபுறில், புதைத்த குழிமேல் நட்ட செடியை. கபுறடி மேடு ஏற யாருக்கு முழங்கால் இருக்கிறது? விறாந்தைச் செடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கடைக்குப் போகிற ஜுனைதீன் ஒரு செம்பு. பள்ளியிலிருந்து வருகிற வாஹித் ஹாஜியார் ஒரு செம்பு. வெலிமடையிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொன்று. நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள், ஆனாலும் என் வீட்டுக்காரர் கபிரியேல் வாளியோடு கிளம்பினார். சொந்த வாழைக்கு ஒரு சொட்டு ஊற்றாதவர்.

ஸுலைஹா குசினி ஜன்னலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"நேசராணியக்கா, திரை நீக்கலால பாத்தேன், மணியெல்லாம் ஊதிப்போய் ஈக்குது. அவர்ட கையால வளத்ததுல அது ஒன்னுதான் மிச்சம். இத்தா முடியிற வரைக்கும் உங்கட வீட்ல வெச்சுக்கோங்க."

போனேன். விறாந்தையில் நானாவின் அக்கா ஸைனப் காவல்.

"என்னா நேசராணி, எங்கட தம்பிக்குப் போற நன்மைய எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"தண்ணி கூடிப்போச்சுன்னு ஸுலைஹா சொன்னாங்க…"

"அவளுக்கு இப்ப என்னா வெளங்கும்? தண்ணி ஊத்தினா செடி சாகுமா? கேளுங்க கூத்த!"

திரைக்குப் பின்னாலிருந்து, "வாணாம் மதினி, ஊத்த வாணாம்…"

"சத்தம் போடாத புள்ள! ஹாஜியார் வாறார்."

குரல் அடங்கியது. ஹாஜியார் வந்தார், பிஸ்மி சொல்லி ஊற்றினார், போனார். வாயாடி என்று பேரெடுத்த நான் வெறுங்கையோடு வீடு திரும்பினேன். அவர்கள் மார்க்கத்து விஷயத்தில் நான் என்ன பேச?

டிசம்பர், நத்தார் மாசத்து மழையும் சேர்ந்துகொண்டது. மணிகள் மஞ்சளாகி, வெடித்து, சொத்சொத்தென்று விழுந்தன. அதைக் கூட்டித் தள்ளிய ஸைனப், "தண்ணி பத்தல்ல போல" என்றாள். அன்றிலிருந்து இரண்டு செம்பு.

அந்தக் குப்பையில் ஒரு சரம் மட்டும் கெட்டியாய்க் கிடந்தது. பொறுக்கி, பால் டின்னில் மணல் போட்டுப் படுக்கவைத்து, ஜன்னல் வழியே ஸுலைஹாவிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கோப்பைகளுக்குப் பின்னால் ஒளித்தாள். காலையில் டின்னைத் தூக்கிக் காட்டுவாள், நான் தலையாட்டுவேன். அரிசி அளவில் புது மணி ஒன்று வந்திருந்தது.

பிறகு ஒரு காலை டின்னோடு ஜன்னலில் நின்றது ஸைனப்.

"பாத்தீங்களா நேசராணி! பாவம், இதுக்கு ஒருத்தரும் ஊத்தாம காஞ்சு கெடக்கு."

அவள் தோளுக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் ஸுலைஹா. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஸைனப் கண் கலங்க, தம்பிக்காக ஏதோ ஓதியபடி, டின் நிரம்பி வழியும்வரை ஊற்றினாள்.