அரைச் சுற்று

ஒடெஸா ஈரப் புல்லில் மண்டியிட்டு, வீட்டுச் சுவரின் அடியிலிருந்த சின்னக் கதவுக்குள் தலையை நுழைத்தாள். உள்ளே இருட்டு, பூசண வாடை. தூரத்தில் தம்பியின் தலைவிளக்கு மட்டும் அசைந்தது.

"லமார், மேல வா. மம்மாவுக்கு மூச்சு மாறிடுச்சு."

பம்பு இரைச்சலைத் தாண்டி அவன் குரல் வரச் சற்று நேரமானது. "இப்ப வர முடியாது, டெஸ்ஸா."

அவள் எழுந்தாள். அம்மாவின் கடைசி நாட்களுக்காகப் பால்டிமோரிலிருந்து வந்து ஒன்பது நாளாகிறது. அதில் ஒரு நாளாவது லமார் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பான், தொப்பியைக் கையில் சுழற்றுவான், ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோல் நகர்ந்துவிடுவான். பக்கத்து வீட்டு மிஸ் பர்னிஸிடம் குறைபட்டபோது, அந்த அம்மாள் பட்டாணி உரித்தபடியே, "ஆம்பளைங்க அழறதுக்குப் பதிலா சுத்தியலைத் தேடிப் போவாங்க, கண்ணு" என்றாள்.

ரோனோக் ஆறு ததும்பும்போதெல்லாம் இந்த வீட்டுக்கு அடியிலும் நீர் ஏறும். தரைப் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டடி இடுக்கு. ஏறிய நீர் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். லமார் போன வருடம் மண்ணை மூடிப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டான், ஈரக் காற்று புகாமல் காற்றுத் துளைகளை அடைத்தான். ஆனால் தரையைத் தாங்கும் உத்தரம் அதற்கு முன்பே ஊறிப்போயிருந்தது. இப்போது மூன்று நாள் விடாத மழை. நேற்று மாலை அம்மா கிடந்த இரும்புக் கட்டிலின் ஒரு கால் தரையோடு ஓரங்குலம் இறங்கியது. அவளை அசைக்கவே கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். புரட்டிப் படுக்கவைத்தாலே முனகுகிற உடம்பு. விடிந்ததும் லமார் நீரை இறைக்கப் பம்பையும், உத்தரத்தைத் தூக்கிப்பிடிக்க ஜாக்கியையும் இழுத்துக்கொண்டு கீழே நுழைந்தான்.

ஒடெஸா பஞ்சை நனைத்து அம்மாவின் உதட்டைத் துடைத்தாள். முந்தின நாளிலிருந்து கண் திறக்காதவள் அப்போது பேசினாள்.

"கீழ இருமறான்... அவனுக்கு ஈரம் ஆகாது."

ஒடெஸா காதைத் தீட்டிக்கொண்டாள். அவளுக்கு மழைதான் கேட்டது. பிறகு, பலகைக்கு அடியிலிருந்து, அடக்கிய இருமல் ஒன்று.

மறுபடியும் வெளியே ஓடினாள். இந்த முறை திட்டுவதற்கென்றே வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போனாள்.

"நீ இருமறது மம்மாவுக்குக் கேக்குது, லமார்."

விளக்கு அசைவு நின்றது.

"எனக்கும் கேக்குது" என்றான். "மம்மாவோட மூச்சு. காலையிலேருந்து நேர் கீழதான் படுத்திருக்கேன்." ஜாக்கியை ஒரு தரம் திருகிவிட்டு, "ஜாக்கி சேத்துல அமுங்கிட்டே இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் திருகணும். விட்டா கட்டில் சாஞ்சிரும்" என்றான். பிறகு, இன்னும் மெதுவாக, "அந்த முகத்தைப் பாக்க முடியல டெஸ்ஸா. இங்கேன்னா இருக்க முடியுது" என்றான்.

ஒடெஸா பாவாடையை முடிந்துகொண்டு, வயிறு சேற்றில் உரச உள்ளே ஊர்ந்தாள். பாம்புக்குப் பயந்து சிறு வயதில் இந்தக் கதவுப் பக்கமே வராதவள்.

"உனக்கு முட்டி வலியாச்சே..." என்றான் லமார்.

"முட்டி கெடக்கட்டும். எப்படித் திருகறது, சொல்லு."

உத்தரத்துக்கு அடியில் நின்ற ஜாக்கியையும், பக்கத்துத் தூணில் கரியால் போட்டிருந்த கோட்டையும் காட்டினான். உத்தரம் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். தன் விளக்கைக் கழற்றி அவள் தலையில் மாட்டினான். நகராமல் கிடந்தான்.

"போடா" என்றாள்.

போனான். மேலே சமையலறைக் குழாய் வெகுநேரம் ஓடியது. கையைத்தான் கழுவுகிறான். போதும், போ, போ என்று அவள் மனதுக்குள் விரட்டினாள். காலடி ஓசை தலைக்கு மேல் வந்து நின்றது. நாற்காலி இழுபட்டது.

முதலில் முணுமுணுப்பு மட்டும். பிறகு சொற்கள் தெளிந்தன. "தண்ணி வடியுது, மம்மா. மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்... டெஸ்ஸாதான் கீழ இருக்கா. ஆமா, அவளேதான்." யாரோ சிரித்ததுபோல் இருந்தது. அவனா, அம்மாவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மாவின் மூச்சு பலகை வழியாக இறங்கியது. இழுப்பு, நீண்ட இடைவெளி, மறுபடி இழுப்பு. இடைவெளியில் ஒடெஸா திருகினாள். லமார் பேசிக்கொண்டே இருந்தான். அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. பிறகு அவனும் நிறுத்தினான்.

அடுத்த இழுப்புக்கு அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. உத்தரம் கோட்டுக்குக் கீழே இறங்கியது. அரைச் சுற்று திருகினாள். மறுபடி இறங்கியது, மறுபடி திருகினாள். மேலே நாற்காலி நகரவில்லை.

நீர் தீர்ந்து, பம்பு காற்றை உறிஞ்சி உறும ஆரம்பித்திருந்தது. அவன் கீழே வந்தபோது எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு கான்கிரீட் கட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வந்தான்.

"டெஸ்ஸா..."

"கேட்டுச்சு" என்றாள்.

அவன் தலையசைத்தான். நீர் வடிந்து இறுகிய மண்ணில் கட்டிகளை அடுக்கி, மேலே மரத்துண்டைச் சொருகி, தட்டி இறுக்கினான். அவள் விளக்கொளியைக் காட்டினாள். ஜாக்கியைத் தளர்த்தியபோது உத்தரம் மரத்துண்டின் மேல் அமர்ந்து நின்றது.

வெளியே மழை விட்டிருந்தது. மிஸ் பர்னிஸ் தன் வீட்டுப் படியில் நின்று இவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள். லமார் தோட்டக் குழாயைத் திறந்து அக்காவின் கையைப் பிடித்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வழித்து, பிறகு ஒவ்வொரு விரலிடுக்காகச் சேற்றைக் கழுவினான். அது முடிந்ததும் அவள் மற்றக் கையை நீட்டினாள்.