சிவப்பு மேல் சிவப்பு

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்குப் பயந்து சங்கிலியைச் சத்திரத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, தாயாரம்மாள் திருத்தணி மலையேறினாள். திரும்பி வந்து பார்த்தால் பெட்டி காலி! காவலுக்கு இருந்தவன் அக்காள் கணவன் தேசப்பன்.

"யாரும் வரல. காலையிலேர்ந்து ஒண்டியா சீட்டாடிகினு இருந்தேன்" என்று தரையில் பரப்பிய சீட்டுகளைக் காட்டினான்.

தாயாரம்மாள் குனிந்தாள். ஹார்ட்டின் பத்து, அதன்மேல் ஹார்ட்டின் ஒன்பது, எட்டு. எல்லாம் சிவப்பு.

"பாவா, ஒண்டி ஆட்டத்துல செவப்பு மேல கறுப்புதான் வெக்கணும். ஒரே ஜாதியா அடுக்கறது உங்க ரம்மி. நான் வர்ற சத்தம் கேட்டு அவசரமா பரப்பினீங்களா?"

அவன் கை தானாக வேட்டி மடிப்பைப் பொத்தியது.

"ஆங், அங்கதான் இருக்குதா? எடுங்க. அக்காகிட்ட நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

சங்கிலி சீட்டுகளின்மேல் விழுந்தது.