ஆற்றைக் கடக்க ஒரே வழி

ஒருவர் விளையாடும்போது பின்னால் நிற்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒசாகாவில் வீடியோ கேம் தயாரிக்கும் எங்கள் அலுவலகத்தில் இதைவிடப் பெரிய சட்டம் இல்லை. வெளியாள் ஒருவரைக் கூட்டி வந்து கன்ட்ரோலரைக் கையில் கொடுப்பார்கள். அவர் விளையாடும் கட்டத்தை, அதாவது லெவலை, உருவாக்கியவர் பின்னால் கைகட்டி நிற்க வேண்டும். இருமினால்கூட முறைப்பார்கள். நாளைக்கு இதை வாங்குகிறவன் வீட்டுக்குப் போய் நின்று விளக்கம் சொல்வாயா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

அன்று நின்றது நான். உட்கார்ந்திருந்தது, கீழ்த்தளத்தில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கும் தொகுஹாரா அக்கா. பக்கத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் ஹிருக்காவா. அக்கா திரையில் ஓடும் ஆற்றைக் கடந்தால் என் கட்டம் விளையாட்டில் இருக்கும். கடக்காவிட்டால் வெட்டிவிடுவார்கள். மாலையில் விளையாட்டின் இறுதிப் பிரதி வட்டில் பதியப் போகிறது. அதற்குப் பிறகு யார் அழுதும் பயனில்லை.

நான் செய்த ஒரே கட்டம் அது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அம்மா கிஷிவாதா துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போட்டுப் பெட்டி கட்டுகிறவள். உடைந்த தெர்மாகோல் பெட்டியில் உட்கார்ந்து வாய்க்காலைக் கடந்ததுதான் என் சின்ன வயசு விளையாட்டு. பெட்டி போனால் வாழைப்பழக் கூடை, கூடை போனால் தம்பியின் முதுகு. அதைத்தான் இந்த ஆற்றில் வைத்தேன். கரையில் துணி துவைக்கும் தொட்டி கிடக்கும், சாய்க்கக்கூடிய ஒரு மரம் நிற்கும், ஆடுகள் மேயும், முள்ளங்கி முளைத்திருக்கும், தண்ணீரை உறைய வைக்கும் ஒரு கோலும் இருக்கும். எப்படி வேண்டுமானாலும் கடந்துகொள். மறுகரையில் ஒரு கிழவர் காத்திருப்பார், அவ்வளவுதான்.

ஆனால் மேலிடத்தில் வரைந்து கொடுத்த திட்டத்தில் 'பாலம்' என்று இருந்தது. கரையில் உள்ள ஆலைக்குப் பின்னால் கிடக்கும் பலகைகளை எடுத்துப் பாலம் கட்ட வேண்டும். பிழை பார்க்கும் அறையில் இருந்தவர்கள் தொட்டியில் கடந்தார்கள். பிழை என்று எழுதினார்கள். ஆட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள்; அதுவும் பிழை. ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்தது. "இந்த வழியெல்லாம் மூடிடு, உகாய்" என்றார் ஹிருக்காவா என்னிடம். நானும் மூடினேன். தொட்டியை இரும்பைப் போல மூழ்க வைத்தேன். ஆடுகளுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வரவைத்தேன். பனிக்கட்டி மிதித்ததும் உடையும்படி செய்தேன். அடையாள அட்டைக்கு ஒப்பந்தக்காரர்களுக்குச் சிவப்புக் கயிறு, நிரந்தரக்காரர்களுக்கு நீலம். என் கழுத்தில் சிவப்பு. வேறென்ன செய்வது.

அக்கா நேராகத் தொட்டியிடம் போனார். தள்ளினார். மூழ்கியது.

"அடேங்கப்பா, மரத்தொட்டி முங்குது! எங்க பாத்ரூம்ல இதே தொட்டி மிதக்குதே!"

அடுத்து ஆட்டுக்கு முள்ளங்கி காட்டினார். ஆடு கரையில் நின்று நடுங்கியது. மரத்தைச் சாய்த்தார். சாய்ந்த மரம் ஆற்றில் பட்டதும் காற்றில் கரைந்தது. அதுவும் என் கைவேலை.

"என்ன பொண்ணே, இது என்னை ஏமாத்துது. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. கடைக்கு வர்ற பிள்ளைங்க இதெல்லாம் விளையாடுதுங்கன்னு சொன்னீங்களே, இப்படியா?"

என் நாக்கு பற்களுக்குள் துடித்தது. 'ஆலைக்குப் பின்னால் போங்கள்' என்று மூன்று வார்த்தை போதும். ஹிருக்காவா என் பக்கம் திரும்பவேயில்லை. அக்கா ஆற்றங்கரையில் மேலும் கீழும் நடந்தார், தண்ணீரில் குதித்து மூழ்கினார், திரும்பக் கரையில் முளைத்தார். சிரிப்பு போய்விட்டது. கடைசியில் கன்ட்ரோலரை மடியில் வைத்தார்.

"விடுங்கம்மா, எனக்கு இதெல்லாம் வராது."

அந்த 'வராது' என்ற ஒரு சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வகுப்பில் கை தூக்கிய ஒவ்வொரு முறையும் நான் கேட்ட சொல் அது.

"அக்கா, உங்களுக்கு வருது. விளையாட்டுதான் கெட்டது. கொஞ்சம் இருங்க."

"உகாய்!" என்றார் ஹிருக்காவா.

நான் நிற்கவில்லை. என் மேசையிலிருந்து மூடுவதற்கு முந்தைய பிரதியை எடுத்து வந்து போட்டேன். அவசரத்தில் இரண்டு முறை தவறான கோப்பைத் திறந்தேன்.

அக்கா மறுபடி தொட்டியைத் தள்ளினார். மிதந்தது. "ஹா!" என்று கத்தினார். உடனே ஏறிவிடவில்லை. கரையில் கிடந்த கயிற்றைத் தொட்டியில் கட்டி, மறுமுனையை ஆட்டின் கழுத்தில் போட்டு, முள்ளங்கியை மறுகரைக்கு வீசினார். ஆடு நீந்தியது. தொட்டி பம்பரம் போலச் சுற்ற, அக்கா பின்பக்கமாகத் திரும்பியபடியே ஆற்றைக் கடந்தார். நானே நினைக்காத வழி. யாரோ பின்னால் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கிழவர் எழுந்து வந்து வணங்கினார். "நல்ல பாலம் கட்டினீங்க. இனி ஊரே இதுல நடக்கும்."

"எந்தப் பாலம்?" என்றார் அக்கா. "தாத்தா, கண்ணாடி போடுங்க!"

ஹிருக்காவா என்னைப் பார்த்தார். "இதுக்குத்தான் மூடச் சொன்னேன். குரல் பதிவாயிடுச்சு. அந்த நடிகரை இனிமே கூப்பிட முடியாது."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கலையே. தலையாட்டிட்டுப் போனே."

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அதற்கு நேரமில்லை. கிழவரின் குரல் பதிவுகள் முழுவதையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட விட்டேன். நன்றி, விடைபெறல், மழை வரும் என்ற எச்சரிக்கை, எல்லாவற்றிலும் பாலம் நந்தி மாதிரி குறுக்கே நின்றது. பிறகு ஒன்று கிடைத்தது. பதிவுக்கு முன்னால் அந்த நடிகர் விட்ட விக்கல். அதை எடுத்தேன். பாலப் பேச்சை நீக்கினேன். கிழவரைத் திருப்பி ஆற்றைப் பார்க்க வைத்தேன், அடுத்து ஆட்டை, அதற்கடுத்து ஆளை. ஒரு விக்கல். அவ்வளவே.

அக்கா திரும்ப ஆட்டோடு கடந்தார். கிழவர் ஆற்றைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், விக்கினார். அக்கா சோபாவில் சரிந்து சிரித்தார். "ஐயோ, இவர் என் மாமனாரேதான்!" உடனே கரைக்குத் திரும்பிப் பனிக்கோலை எடுத்தார்.

மாடிப்படியில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "முதலாளியம்மா, டை போட்ட தலை காத்துக்கிட்டு இருக்கு! கழுவலைன்னா பச்சையாயிடும்!"

"போய்க் கழுவு! நான் ஆத்துல இருக்கேன்!"

ஹிருக்காவா பேனாவை எடுத்தார். "நீ வாயைத் திறந்தே. அதை நான் அறிக்கையில எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க."

"மூடினதைத் திற. எதுவாவது நடுவழியில நின்னா கட்டமே போயிடும். சோதிக்க ஆள் கேட்காதே, தர மாட்டேன்."

திறந்தேன். ஒவ்வொன்றாக நானே கடந்து பார்த்தேன். தொட்டி சரி, ஆடு சரி, பனி கொஞ்சம் வழுக்கி அப்புறம் சரி. மரம்தான் கழுத்தை அறுத்தது. நடு ஆற்றில் ஆளோடு சேர்ந்து அப்படியே அசையாமல் நின்றுவிட்டது. இரண்டு இடத்தில் மாற்றினேன், மூன்றாவது இடத்தில் விளையாட்டே நின்றது. பிரதியை வாங்க ஆள் வந்து கதவருகே செருப்பைத் தேய்த்தான். அழுகை வந்தது, அழவில்லை. மரத்தை மட்டும் மறுபடி மூடினேன். சாய்ந்ததும் கரைந்துபோகும் அந்தப் பொய் மரம் என் ஆற்றில் இருந்தபடியேதான் பிரதி போனது.

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தபோது அக்கா இன்னும் போகவில்லை, திரையில் மரத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பொண்ணே, இந்த மரம் என்ன பண்ணுச்சு உனக்கு? மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"என்னால முடியலக்கா" என்றேன்.

ஹிருக்காவா பக்கத்தில்தான் நின்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அக்காவிடம் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டேன்.