வரைபடத்தில் ஏறாத ஓரம்

சோதனைக்கூடத்தில் விமானக் கதவைப் பல்லாயிரம் தடவை திறந்து மூடிப் பார்த்ததில், கீலைத் தாங்கும் 'தாங்கி' என்ற துண்டில் மயிரிழை போல ஒரு விரிசல் கண்டது. அந்தக் கதவு இன்னும் எந்த விமானத்திலும் ஏறவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கொள்முதல் அதிகாரி அந்த அறிக்கையைக் கீழே வைக்கவில்லை. விரிசலின் காரணம் அவருக்குத் தெரியும்.

முன்பெல்லாம் தொழிற்சாலை கீல், தாழ்ப்பாள், தாங்கி என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பட்டறையில் வாங்கித் தானே கதவாகப் பூட்டியது. இருநூறு பட்டறைகள். ஒருவர் தாமதித்தால் விமானமே காத்துக் கிடக்கும். பிறகு, முழுக் கதவையும் ஒரே பெரிய நிறுவனம் செய்து தரட்டும், சின்னப் பட்டறைகளை அதுவே கட்டி மேய்க்கட்டும் என்று முடிவானது. இருநூறை முப்பதாக்கும் பட்டியலைப் போட்டவர் இவர்தான். சொந்தக்காரருக்குச் சலுகை என்று பேச்சு வரக்கூடாதென்று, மனைவியின் அண்ணன் பட்டறையைத்தான் முதலில் கோடு போட்டு அடித்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. கடிதம் போய்த்தான் மச்சானுக்கே தெரிந்தது.

மச்சான் பதினான்கு வருடம் செய்த தாங்கி அது. அதன் உள் ஓரம் மழுங்கலாக இருக்கும். ஓரம் கூராக இருந்தால் பாரமெல்லாம் ஒரே கோட்டில் குவிந்து உலோகம் விட்டுப்போகும், மழுக்கிவிட்டால் பரவிக்கொள்ளும். ஆனால் வரைபடத்தில் இருந்தது கூரான ஓரம்தான். புது நிறுவனம் அதைப் பிசகாமல் செய்திருந்தது.

தர அதிகாரி படிவத்தை நீட்டினார்.

"பழைய பட்டறை அனுமதி இல்லாம அளவை மாத்தியிருக்கு, அதான் வரைபடத்துல தப்பு இருக்குன்னு நமக்கு இத்தனை நாள் தெரியலன்னு எழுதிடலாமா சார்?"

அப்படி எழுதினால் மச்சான் கதை முடிந்தது. பெரிய நிறுவனத்திடம் துணை வேலை கேட்டு அவர் விண்ணப்பித்திருந்தார். இந்த வாரம் பதில் வரவேண்டும்.

"நாளைக்குத் தரேன்" என்று கொள்முதல் அதிகாரி படிவத்தை வாங்கிக்கொண்டு நேரே மச்சானின் பட்டறைக்குப் போனார். பாதி இயந்திரங்கள் தார்ப்பாய்க்குள் இருந்தன.

"வாங்க மாப்ளே. வழி ஞாபகம் இருக்கே" என்றார் மச்சான்.

"விரிசல் விஷயம் தெரியுமா மச்சான்?"

"தெரியும். ஓரத்தை மழுக்கலையாமே. அவ்வளவு பெரிய கம்பெனியில ஒரு அரம் இல்லையா?"

"அது வரைபடத்துல இல்ல."

"எப்படி இருக்கும்? 'கொஞ்சம் மழுக்கிடுங்க மச்சான், வரைபடத்தை அப்புறம் திருத்திக்கலாம்'னு போன்லதானே சொன்னீங்க."

வரைபடத்தைத் திருத்தப் பதினோரு கையெழுத்து வேண்டும். மச்சானைக் கூப்பிட ஒரு நிமிஷம் போதும். அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

"தர அதிகாரி உங்ககிட்ட கேட்டாரா?"

"காலையில கேட்டார். பழைய விஷயம், ஞாபகமில்லைன்னுட்டேன்." மச்சான் கையைத் துணியில் துடைத்தார். "என் தங்கச்சி வீட்டுல உலை வைக்கணும்ல."

கொள்முதல் அதிகாரி படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை, 'மாற்றச் சொன்னவர்' என்ற கட்டத்தில் தன் பெயரையும் பதவியையும் எழுதினார். தர அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"சார், இது உங்க தலைக்கே வரும்."

"வரட்டும். இன்னைக்கே பெரிய நிறுவனத்துக்கும் ஒரு நகல் அனுப்பிடுங்க."

கையெழுத்துப் போட்ட பிறகும் பேனாவை மூடாமல் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். மச்சானை முதலில் அடித்த அந்தப் பட்டியலைப் பற்றி எழுத அதில் கட்டம் எதுவும் இல்லை.