மல்லாந்து நீந்தும் நான்கு

துணிக்கடையில் பேன்ட் நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதுமாக வேலை பார்த்த அந்தத் தையல்காரிக்கு, மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் பேச்சுத்துணை நாலு மீன்கள்தான். விரல் நீளமுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்திகள். எந்த வம்புக்கும் போகாதவை. பகலெல்லாம் தொட்டியில் கிடக்கும் மரக்கட்டைக்கு அடியில் வயிற்றை மேலே காட்டி மல்லாந்து மிதக்கும். மல்லாந்தே நீந்தும், மல்லாந்தே தின்னும். அந்த இனத்தின் பழக்கம் அது.

கீழ்வீட்டு பஸ் டிரைவரோடு அவளுக்கு ஒன்றரை வருஷமாகப் பேச்சு இல்லை. ராத்திரி வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர் அவர். லீவு நாளில் இவள் தையல் மெஷினில் உட்கார்ந்தால் துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பார். இவளும் லேசுப்பட்டவள் இல்லை. வேண்டுமென்றே இன்னும் நாலு தையல் கூடப் போடுவாள்.

ஒருநாள் சாயங்காலம் குடியிருப்பு வாட்ச்மேன் கடைக்குப் போன் செய்தார்.

"அக்கா, உங்க மீன் தொட்டி ஒட்டு விட்டுப்போச்சு. தண்ணியெல்லாம் கீழ்வீட்டுல இறங்கிடுச்சு. மத்தியானமே என்கிட்ட இருந்த சாவியைப் போட்டுத் திறந்தோம். உங்களுக்கு இப்பதான் லைன் கிடைச்சுது. சீக்கிரம் வாங்க."

போட்டது போட்டபடி ஓடிவந்தாள். கண்ணாடி ஓரத்தில் ஒட்டு பிரிந்து, தொட்டியில் கூழாங்கல்லும் மரக்கட்டையும் மட்டும் மிச்சம். மீன்களைக் காணோம். தரையை யாரோ துடைத்திருந்தார்கள். வாங்கப்போகும் வசவுக்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

கதவு திறந்திருந்தது. டிரைவர் ஒரு வாளிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் கரண்டி. கண் ரெண்டும் சிவந்திருந்தது.

"மன்னிச்சிடும்மா, என்னால ஆனதைப் பண்ணிட்டேன்," என்றார் நிமிராமலே. "நாலும் பிழைக்காது போல. நிமிர்த்தி விடுறேன், விட்ட உடனே கவுந்துடுது. மத்தியானத்துலேருந்து இதே வேலையா இருக்கேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். நாலும் ஜம்மென்று மல்லாந்து மிதந்தன.

"அண்ணே, அதுங்க அப்படித்தான் நீந்தும்."

"எப்படி?"

"மல்லாந்துதான். அதோட பழக்கமே அது."

அவர் மீனைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். "அப்போ மூணு மணி நேரமா நல்லா இருந்ததுங்களைப் போட்டுப் படுத்தி எடுத்திருக்கேனா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. தொட்டியில் மிஞ்சிய பழைய தண்ணீரையே வாளியில் ஊற்றி, காற்றுக் குழாயையும் அதில் போட்டு வைத்திருந்தார். துடுப்பு முள் குத்திய விரலில் துணி சுற்றியிருந்தது. கூரையெல்லாம் ஈரம் படர்ந்திருந்தது. நனைந்த மெத்தை சுவரோரம் சாத்தியிருந்தது. தூங்காமலே இன்று ராத்திரியும் வண்டி எடுக்கப் போகிறவர்.

"உங்க மெத்தை..." என்று இழுத்தாள்.

"மெத்தை காஞ்சுடும்மா. இதுங்க காஞ்சிருந்தா என்ன பண்றது?"

புதுத் தொட்டி வர ஒன்பது நாளானது. அதுவரை மீன்கள் கீழ்வீட்டில்தான். அவள் காலையும் மாலையும் போய்த் தண்ணீர் மாற்றினாள். தொட்டி தயாரான அன்று அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். மீன்கள் ஒவ்வொன்றாகக் கட்டைக்கு அடியில் போய், கறுத்த வயிற்றை மேலே காட்டி நின்றன.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே," என்றாள்.

அவர் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.