ஒரு சாண் தள்ளி நின்ற பந்து

நான்கு ஆட்டம், நான்கிலும் பூஜ்யம். லீக் சுற்றில் இருபத்து மூன்று கோல் போட்ட மனிதன், பிளே ஆஃப் தொடங்கிய நாளிலிருந்து வலையைத் தொடவே இல்லை என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? பீரங்கி என்று பட்டப்பெயர் வைத்துத் தோளில் தூக்கி ஆடியவர்களே இப்போது நமுத்த வெடி என்றார்கள். மற்றவர்கள் முட்டி மோதி ஒன்றிரண்டு போட்டதில் டீம் எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. பீரங்கிதான் சோறு தண்ணி இறங்காமல் பாதியாகிவிட்டான்.

அவனுக்காக அவனைவிட அதிகமாக நொந்துகொண்டிருந்தவன் ஆணி. பீரங்கியின் தங்கை புருஷன். ஒன்பது வருடமாக ஒரே டீம். ஹாக்கியில் பெனால்டி கார்னர் கிடைத்தால் மூன்று பேருக்கு வேலை. ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவான். கோலுக்கு முன்னால் போட்டிருக்கும் வட்டத்துக்கு வெளியே ஆணி குனிந்து மட்டையைத் தரையோடு படுக்கவைத்து அதை நிறுத்துவான். ஓடி வருகிற பீரங்கி பந்தை மட்டையோடு இழுத்துவந்து வலைக்குள் சுண்டுவான். ஆணி நிறுத்திய பந்து அப்படி இப்படி அசையாது. அதனால்தான் அந்தப் பெயர்.

லீக் சுற்றின் கடைசி ஆட்டம் முடிந்த அன்று, உடை மாற்றும் அறையில் பீரங்கி வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றதை ஆணி பார்த்துவிட்டான். இடுப்பு. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை.

"யார்கிட்டயும் மூச்சு விடாத மாப்ளே. தங்கச்சிக்குத் தெரிஞ்சா என்னை வீட்டை விட்டே வெளிய விடமாட்டா."

ஆணி மூச்சு விடவில்லை. ஆனால் தானாக ஒரு காரியம் செய்தான். ஓடி வந்து வைக்கிற கடைசி எட்டில் காலை அகட்டி நீட்டும்போதுதானே இடுப்பு இழுக்கிறது? பந்தை அவன் பக்கமாக ஒரு சாண் கிட்டே நிறுத்தினால் மச்சானுக்கு அவ்வளவு நீட்ட வேண்டியிருக்காது. பிளே ஆஃப் முதல் ஆட்டத்திலிருந்து அப்படியே நிறுத்தினான். யாரிடமும் சொல்லவில்லை, பீரங்கியிடமும் சொல்லவில்லை.

அட மடையா, அவனிடமாவது சொல்லிவிட்டு வைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் சனி பிடித்த வழக்கம் ஒன்று இருந்தது. அந்த டீமில் ஒருவனுக்குக் கோல் வரவில்லை என்றால், வருகிறவரை அவன் காதுபட அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தால் ராசி இன்னும் கெட்டுவிடுமாம். வாய் தவறிச் சொன்னவன் மைதானத்தை ஐந்து சுற்று ஓட வேண்டும். இந்த இரண்டு வாரமாகக் கோல்கீப்பரைக்கூட வெறும் கீப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் கோச் ஆணியை ஓரமாக அழைத்துப் போனார்.

"உன் மச்சானுக்கு இன்னைக்கு ஒண்ணாவது வந்தாகணும்ப்பா. இல்லைன்னா அடுத்த வருஷம் லிஸ்ட்ல பேரு இருக்காது. மேல பேசி முடிச்சிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

முப்பத்து நாலு வயதில் வெளியே அனுப்பினால் வேறு எந்த டீம் எடுக்கும்? ஹாக்கி மட்டையைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை அது.

ஆட்டங்களைப் படம் பிடித்து அலசுகிற வீடியோக்காரப் பெண் மாடிப்படிக்குக் கீழே ஒரு குச்சு அறையில் உட்கார்ந்திருப்பாள். மதியம் அவளே ஆணியைக் கைதட்டிக் கூப்பிட்டாள். திரையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒன்று லீக் ஆட்டத்துக் கோல். மற்றது போன வாரம் கம்பத்துக்கு மேலே பறந்தது.

"அண்ணே, நாலு ராத்திரியா மண்டையை உடைச்சுக்கிட்டேன். அவரு ஓட்டம் மாறல. எட்டு மாறல. மட்டை மாறல. இந்தப் பந்தைப் பாருங்க. ஏன் இவ்வளவு கிட்ட நிக்குது? அவரு கால் பந்தைத் தாண்டிப் போய் விழுது. அப்புறம் எப்படி இழுக்க முடியும்? பறக்கத்தான் செய்யும்."

ஆணி திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். இடுப்பு வலியால் போகிறது என்று இவன் நினைத்த ஒவ்வொரு பந்தும் இவன் கையால் போயிருக்கிறது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று மச்சான் தலையில் நான்கு ஆட்டமாக மண்ணை வாரிப் போட்டிருக்கிறான்.

"கோச்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"இன்னும் இல்லண்ணே."

"சொல்லாத. உன் கால்ல வேணா விழறேன். நான் பாத்துக்கறேன்."

நேராக உடை மாற்றும் அறைக்குப் போனான். பீரங்கி மூலையில் உட்கார்ந்து மட்டைப் பிடிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிக் கிடந்தது.

"என்ன மாப்ளே, ஏதோ சொல்ல வந்த மாதிரி நிக்கிற?"

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தப் பாழாய்ப்போன வழக்கம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். உன்னைக் கவிழ்த்தது நான்தான் என்று ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் எந்த வாயால் சொல்வது? பழைய இடத்தில் பந்தை நிறுத்தினால் போதும், தானாகச் சரியாகிவிடும் என்று தோன்றியது.

"ஒண்ணுமில்ல மச்சான். தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்."

"எனக்கும் உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றான் பீரங்கி. டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தான். "சரி விடு. ஆட்டம் முடியட்டும்."

ஆட்டம் நாலு மணிக்கு. எதிராளிகள் முதல் பாதியிலேயே ஒன்று போட்டுவிட்டு வட்டத்துக்குள் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். பீரங்கியை இருவர் நிழல்போல ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். கூட்டம் அவன் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஊளையிட்டது. ஆணிக்குக் காது கொதித்தது. ஒரே ஒரு கார்னர் வரட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு என்று மனசுக்குள் கறுவினான்.

கடைசி நிமிடத்தில் வந்தது.

பந்து தள்ளப்பட்டது. ஆணி குனிந்தான். ஒன்பது வருடமாக நிறுத்திய பழைய இடத்தில், இம்மி பிசகாமல் நிறுத்தினான். பீரங்கி ஓடி வந்தான். ஆனால் கால் முன்னே போகவில்லை, ஒரு சாண் பின்னாலேயே ஊன்றியது. மட்டை பந்தை இழுக்க எட்டவில்லை. நுனியில் மட்டும் பட்டது. பந்து தள்ளாடித் தள்ளாடி உருண்டு கீப்பரின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் சிரித்துக்கொண்டே அதை ஓரமாகத் தட்டிவிட்டான். விசில் ஊதிவிட்டார்கள்.

அரை மணி நேரத்தில் அறை காலியாகிவிட்டது. மச்சானும் மாப்பிள்ளையும் மட்டும் இருந்தார்கள்.

"பந்து கிட்ட வருதுன்னு முதல் ஆட்டத்துலயே தெரியும் மாப்ளே" என்றான் பீரங்கி. குரலில் கோபமே இல்லை. "என் இடுப்புக்காகத்தான் நீ அப்படி வைக்கிறன்னும் தெரியும். சொன்னா நீ மனசு ஒடிஞ்சு போயிடுவ. அதான் நான் மாறிக்கலாம்னு பாத்தேன். பத்து நாளா விடியறதுக்கு முன்ன தனியா வந்து, எட்டைக் குட்டையாக்கிப் பழகினேன். நேத்துதான் புடிபட்டுச்சு. பத்துப் பந்துல எட்டு உள்ள போச்சு."

ஆணி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"இன்னைக்கு ஏன் மாத்தி வச்ச?"

"பழைய இடத்துல வச்சா போட்டுடுவேன்னு..." ஆணி முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதான். "கொன்னுட்டேன் மச்சான். ஒரு வார்த்தை பேசாம உன்னைக் கொன்னுட்டேன்."

"நான் மட்டும் பேசினேனா?" பீரங்கி சுவரைப் பார்த்தபடி சொன்னான். "கோச் இப்பதான் சொல்லிட்டுப் போனாரு. என் கதை முடிஞ்சுது. தங்கச்சி வெளிய நிக்கிறா. நீயே சொல்லிடு, என்னால முடியாது."

"எப்படி ஆச்சுன்னு கேப்பாளே."

"பந்து சரியாதான் நின்னுச்சு, அண்ணன்தான் தவறவிட்டான்னு சொல்லு. பொம்பளை மனசு. நாளைக்கு உன் முகத்தைப் பாக்கறப்பல்லாம் இதை நினைச்சுக்கக் கூடாது."

"வேணாம் மச்சான். நான் உள்ளதைச் சொல்லிடறேன்."

"எனக்காக மாப்ளே. இது ஒண்ணாவது எனக்காகச் செய்."

வெளியே மனைவி கண்கள் வீங்கி நின்றிருந்தாள். இவனைப் பார்த்ததும் ஓடி வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க ஆச்சு அண்ணனுக்கு? பந்து எட்டாத மாதிரி அடிச்சானே? நீங்க கிட்டதானே இருந்தீங்க?"

"பந்து சரியாதான் நின்னுச்சும்மா" என்றான் ஆணி. "உங்க அண்ணனுக்குத்தான் வயசாயிடுச்சு."